கேட்காமல் சிவப்புக் கோடு போடலாமா? ஒரு மைக்கோட்டோவியத்தை முன்வைத்து

மைக்கூடு:
சென்ற வாரம் 'படித்துறை' என்னும் உறுப்பினர் மயிலாப்பூர் தெப்பக்குளத்தைக் கருப்பு மையில் வரைந்து, "எப்படி இருக்கிறது?" என்ற ஒரே வரியுடன் இங்கே இட்டிருந்தார். ஏ4 தாள், 0.5 மி.மீ. பேனா ஒன்று மட்டும். இருபுறமும் படிகள், நடுவே நீர், பின்னே மேலைக் கோபுரம். அன்றைக்கே 'நேர்கோடு' அந்தப் படத்தின் நகலில் சிவப்புக் கோடுகளை இழுத்து, படிகள் தவறான திசையில் ஓடுவதைக் காட்டினார். அதற்கு நன்றி சொன்னவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. ஒருவர் கேட்காதபோது அவருடைய ஓவியத்தின்மேல் திருத்தம் வரைந்து காட்டுவது உதவியா, அத்துமீறலா என்பதை இங்கே பேசலாம்.

நேர்கோடு:
உதவி என்றே கருதுகிறேன். குளத்தின் இடப்புறப் படிகளும் வலப்புறப் படிகளும் உண்மையில் ஒன்றுக்கொன்று இணையானவை. மேற்குக் கரையில் நின்று பார்ப்பவருக்கு அவை தொலைவில் குறுகிச் சென்று, கண்மட்டத்தில் உள்ள ஒரே புள்ளியை நோக்கி ஓட வேண்டும். இந்தப் படத்தில் இடப்புறப் படிகள் கோபுரத்தின் அடியை நோக்கியும், வலப்புறப் படிகள் அதன் நடுப்பகுதியை நோக்கியும் ஓடுகின்றன. அதனால்தான் குளத்து நீர், சாய்த்துப் பிடித்த தாம்பாளத்தில் இருப்பதுபோல ஒருபக்கமாகச் சரிந்து தெரிகிறது. இதை நான் நான்கு பத்திகளில் எழுதினாலும், தொலைவைத் தாளில் காட்டும் முறையான பர்ஸ்பெக்டிவ் படிக்காத ஒருவருக்கு விளங்காது. அளவுகோலை வைத்து இரண்டு கோடுகளை நீட்டிக் காட்டினால் உடனே விளங்கும். "அருமை", "தொடர்ந்து வரையுங்கள்" என்று எழுதிவிட்டுப் போவது எனக்கும் எளிதுதான். அதைப் படித்துவிட்டு அவர் அடுத்த படத்தில் எதை மாற்றுவார்?

வெண்தாள்:
நேர்கோடு அவர்களின் வடிவியலில் எனக்கு ஐயமில்லை; அவர் அதை வைத்த இடத்தில்தான் மறுப்பு இருக்கிறது. சிவப்புக் கோடு விழுந்த பிறகு வந்த பின்னூட்டங்களை வாசித்துப் பாருங்கள். எல்லாமே படிகளைப் பற்றியவை. நீர்ப்பரப்பில் ஒரு கோடுகூடப் போடாமல் தாளின் வெண்மையையே விட்டுவைத்து, கோபுரத்தின் பிரதிபலிப்பை மட்டும் துண்டு துண்டான கிடைக்கோடுகளால் காட்டியிருக்கிறார். புதிதாக வரைபவர்களிடம் அரிதாகவே காணும் துணிவு அது. அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. சிவப்பு நிறம் கண்ணைக் கட்டிப் போட்டுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பென்சில் ஓவியத்தில் குறை சொன்னால், அழித்துவிட்டுத் திருத்தலாம். மை காய்ந்த தாளில் அந்த வாய்ப்பு இல்லை. திருத்த முடியாத ஒன்றின்மேல் திருத்தம் வரைந்து காட்டுவதால் யாருக்கு என்ன பயன்? மேலும், அந்தப் படம் கைப்பேசியில், சற்றுக் கோணலாகப் பிடித்து எடுக்கப்பட்டது. கோணலின் பழியையும் சேர்த்து வரைந்தவர் தலையில் போடுகிறோமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

நேர்கோடு:
கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தால் கோபுரம் சாய்ந்ததுபோலத் தெரியலாம். ஆகவே கோபுரத்தின் சாய்வைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனால் தாளில் ஒரே புள்ளியில் சந்திக்கும் நேர்கோடுகள், எந்தக் கோணத்திலிருந்து படம் எடுத்தாலும் ஒரே புள்ளியில்தான் சந்திக்கும். புகைப்படத்தில் அவை சந்திக்கவில்லை என்றால் தாளிலும் சந்திக்கவில்லை என்றே பொருள். லென்ஸின் வளைவு விளிம்பில் சிறிது பிசகச் செய்யுமே தவிர, இவ்வளவு பிசகச் செய்யாது.

"எப்படி இருக்கிறது?" என்று பொதுவில் கேட்டவரைக் கேட்காதவர் என்று சொல்வதும் எனக்கு விளங்கவில்லை. பாராட்டு மட்டும் வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லலாம். அதில் தவறு ஏதுமில்லை.

பழைய நிப்பு:
வார இதழ்களுக்குக் கோட்டோவியம் வரைந்து பிழைத்தவன் என்ற முறையில் இரண்டு தகவல்களைச் சொல்கிறேன். மை திருத்த முடியாதது என்று வெண்தாள் எழுதியிருப்பது அச்சுத்தொழில் அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். கோடு பிசகினால் வெள்ளை போஸ்டர் கலரைப் பூசி மறைப்போம். முகமே பிசகினால், வேறு தாளில் வரைந்து வெட்டி அதன்மேல் ஒட்டிவிடுவோம். அச்சுக்கான உலோகத் தகடான பிளாக்கை எடுக்கும் கேமராவுக்குக் கருப்பும் வெள்ளையும்தான் தெரியும், ஒட்டு தெரியாது. சுத்தமான தாளில் ஒரே மூச்சில் பிசகின்றி வரைந்து முடிப்பதே மைக்கோட்டோவியம் என்ற எண்ணம், அசல்களைப் பார்க்காமல் அச்சான பக்கங்களை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களிடம் உருவானது.

இரண்டாவது, அளவு. அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைந்து, பிளாக்கில் சுருக்குவதுதான் வழக்கம். சுருங்கும்போது, நிழலைக் காட்ட நெருக்கமாகப் போடும் ஹேட்சிங் கோடுகளுக்கு இடையே உள்ள வெள்ளை குறைந்து, மட்டமான தாளில் மை பரவி, நெருக்கமான இடங்கள் கரும்பட்டையாக அப்பிக்கொள்ளும். கோயில் சிற்பங்களை ஓவியர் சில்பி வரைந்த பக்கங்களில் நுணுக்கம் மங்காமல் நின்றதற்கு அவருடைய கை மட்டும் காரணமன்று, எந்த இடத்தில் கோட்டை நிறுத்த வேண்டும் என்ற கணக்கும் காரணம். இப்போது நீங்கள் எல்லோரும் ஏ4 தாளை உள்ளங்கையளவு திரையில் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கோபுரத்தில் கோடுகள் நெரிசலாக இருக்கின்றன" என்று எழுதுகிறீர்கள். தம்பிகளே, அது படத்தின் குறையா, திரையின் குறையா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வெண்தாள்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் ஒட்டியும் பூசியும் திருத்தியவர் தாமே அந்த ஓவியத்தின் உடைமையாளர்; பக்கத்து மேசைக்காரர் வந்து பூசவில்லை.

வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். 1885இல் வான்கோ தம்முடைய 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' ஓவியத்தின் கல்லச்சுப் படியை, நண்பரும் ஓவியருமான அந்தோன் வான் ரப்பார்டுக்கு அனுப்பினார். ரப்பார்டின் பதில் கடுமையாக இருந்தது. காப்பிப் பாத்திரத்துக்கும் அதன் பிடியில் இருக்கும் கைக்கும் என்ன தொடர்பு என்றும், வலப்புறம் இருக்கும் மனிதனுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் இருக்கக் கூடாதா என்றும் கேட்டிருந்தார். வான்கோ அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு சில கடிதங்கள் போய் வந்தபோதிலும், சில ஆண்டுகளாக நீடித்த நட்பு அந்த ஆண்டோடு முடிந்துபோயிற்று. குறைகள் ஒவ்வொன்றும் சரியாகவே இருந்திருக்கலாம். சரியாக இருப்பது மட்டும் போதுமானதாக இல்லை என்பதே என் வாதம்.

நேர்கோடு:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம் பேசுகிறது. ரப்பார்டு பாத்திரத்தோடும் முழங்காலோடும் நின்றிருந்தால் அந்தப் பூசல் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நினைக்கிறேன். வேலையை வான்கோ பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று ஆளைப் பற்றிய தீர்ப்புக்கு அவர் போய்விட்டார். அந்தக் கல்லச்சு ஒரே நாளில், நினைவிலிருந்து வரையப்பட்டது என்பதை வான்கோ பிறகு விளக்கி எழுத வேண்டியிருந்தது. நான் படிகளைப் பற்றி மட்டுமே எழுதினேன். வரைந்தவர் சோம்பேறி என்றோ அவருக்குப் பயிற்சி போதாது என்றோ எழுதவில்லை.

வெண்தாள்:
நீங்களே சொல்லிவிட்டீர்கள்: ஒரே நாளில், நினைவிலிருந்து. எப்படி வரைந்தீர்கள் என்று ரப்பார்டு முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்தக் கடிதம் வேறு மாதிரி அமைந்திருக்கும் அல்லவா? படித்துறையிடம் நம்மில் யாராவது அதைக் கேட்டோமா?

படித்துறை:
என்னைப் பற்றியே இவ்வளவு பேசுவதால் நானும் எழுதுகிறேன். சிவப்புக் கோட்டால் நான் புண்படவில்லை. ஆனால் அதிலிருந்து பாதிதான் தெரிந்துகொண்டேன். குளக்கரையில் படியில் அமர்ந்து பென்சிலால் கோபுரத்தையும் இடப்புறத்தையும் வரைந்தேன். வெயில் ஏறிவிட்டதால் வலப்புறத்தை, எழுந்து நின்று எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வீட்டில் முடித்தேன். அமர்ந்தவரின் கண்மட்டமும் நின்றவரின் கண்மட்டமும் ஒரே தாளில் கலந்திருக்கின்றன. பிசகு எங்கே என்று நேர்கோடு காட்டினார். ஏன் என்பது, மை தீட்டும் முன்பிருந்த பென்சில் நிலையை நான் பழைய படத்தில் தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் உண்மையில் கேட்க நினைத்தது வேறு: கோபுரம் ஏன் பின்னால் போகாமல் படிகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

பழைய நிப்பு:
இதற்குத்தான் பென்சில் நிலையைக் காட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அளவும் பர்ஸ்பெக்டிவும் பென்சிலில் முடிவாகிவிடும். கோட்டின் தடிமனும் இருளும் பேனாவில் முடிவாகும். எது எந்த நிலையில் பிசகியது என்று தெரியாமல் சொல்லும் கருத்து பாதிக் கருத்துதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முன்படிக்கும் கோபுரத்துக்கும் ஒரே 0.5 பேனா, இரண்டிலும் ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி. தொலைவு எப்படி வரும்? கோபுரத்துக்கு 0.1 எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கோட்டைச் சில இடங்களில் விட்டு விட்டுப் போடுங்கள். நிழல் பக்கத்தில் ஒரு திசை ஹேட்சிங் போதும்; குறுக்கு நெடுக்காகக் கோடிடும் கிராஸ் ஹேட்சிங்கை முன்படிகளின் நிழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுதைச் சிற்பத்தையும் வரைய வேண்டியதில்லை. நான்கைந்தைத் தெளிவாகக் காட்டினால் மற்றவற்றைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

வெண்தாள்:
கேள்வி தெளிவாக வந்ததும் விடையும் எவ்வளவு தெளிவாக வந்தது பாருங்கள். சிவப்பு தேவைப்படவே இல்லை.

நேர்கோடு:
ஹேட்சிங்குக்குத் தேவைப்படவில்லை, படிகளுக்குத் தேவைப்பட்டது. சிவப்புக் கோடு விழாமல் இருந்திருந்தால் அவர் பென்சில் படத்தைத் தேடிப் போயிருப்பாரா என்பதையும் யோசியுங்கள். படித்துறை அவர்களே, அடுத்த படத்தை மை தீட்டும் முன்பே, எந்த உயரத்திலிருந்து பார்த்து வரைந்தீர்கள் என்ற குறிப்போடு இடுங்கள். மேலே வரைய வேண்டாம் என்று எழுதினால் வரைய மாட்டேன். எழுதாவிட்டால் வரைவேன்.