புதுப்பிப்பு: வைன் ஓப்பனரில் தக்கை முறிந்த விஷயம்

சார்ஜ் போடும் வைன் ஓப்பனர் வாங்கிய முதல் நாளே தக்கை பாதியில் முறிந்து, மீதி புட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். அந்த மீதியை உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்துக் குடித்தோம்.

மெஷின் மேல் தப்பில்லை. அந்தப் புட்டியைச் சேலம் வீட்டு அலமாரியில் ஒரு வருடத்துக்கு மேல் நிற்க வைத்திருந்தோம். வைன் படாத தக்கை, சேலத்துச் சூட்டில் காய்ந்து பொடியாகிவிட்டது. இப்போது புட்டிகளெல்லாம் ஏற்காட்டு வீட்டில், 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் படுத்திருக்கின்றன.

இன்னொன்று, நான் ஓப்பனரைச் சாய்வாகப் பிடித்திருக்கிறேன். புட்டி வாயைச் சுற்றியிருக்கும் ஃபாயில் உறையை வெட்டி எடுத்துவிட்டு, புட்டியை மேசையில் நிறுத்தி, ஓப்பனரை அதன்மேல் நேராக உட்கார வைத்துக் கீழ்ப் பட்டனை விடாமல் பிடிக்க வேண்டும். மேலிருந்து அமுக்கவே கூடாது. திருகு இறங்க இறங்க உர்ரென்ற சத்தம் கனக்கும். அப்புறம் தக்கை தானாக மேலேறி வரும். மேல் பட்டனைத் தொட்டால் தக்கை கழன்று கையில் விழும்.

நேற்று அப்பாவே திறந்தார். மூட்டுவலியால் கட்டைவிரலை மடக்க முடியாதவர். அவருக்காகத்தான் இதை வாங்கினேன். கழன்ற தக்கையைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.