புதிய கடல்நீர்த் தொட்டியில் நைட்ரைட் இறங்கவில்லை: மீன் விடலாமா?

கேள்வி கேட்டவர்

வணக்கம். 150 லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் புதிதாக அமைத்து வருகிறேன். உலர் பாறையும் உலர் மணலும் மட்டுமே போட்டிருக்கிறேன். ஆர்ஓ நீரில் செயற்கைக் கடல் உப்பைக் கலந்து, ஒப்படர்த்தியை (நீரின் உப்புச் செறிவைக் காட்டும் எண்) 1.025இல் நிறுத்தி, மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைக் குப்பியிலிருந்து சேர்த்தேன். மீன் வரும்முன் அதற்கு உணவாக, அம்மோனியம் குளோரைடு கரைசலைக் கொண்டு அம்மோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு ஏற்றினேன். தொடக்கத்தில் அசையாமல் நின்ற அம்மோனியா இப்போது ஒரே நாளில் பூஜ்ஜியமாகிவிடுகிறது. பாக்டீரியா பட்டினி கிடக்கக்கூடாது என்பதால், இறங்கும் போதெல்லாம் மறுபடியும் 2 பிபிஎம் ஊற்றி வருகிறேன்.

ஆனால் நைட்ரைட் சோதனையில் சொட்டு விழுந்த உடனேயே நீர் அடர் ஊதாவாகி, வண்ண அட்டையின் கடைசிக் கட்டமான 5 பிபிஎம்மிலேயே நிற்கிறது. நைட்ரேட்டும் 100ஐத் தாண்டிக் காட்டுகிறது. இன்னொரு குப்பி பாக்டீரியா வாங்க வேண்டுமா, நீரை மாற்ற வேண்டுமா, இரண்டு கோமாளி மீன்களை இப்போதே விடலாமா?

பதில் 1

குப்பி வேண்டாம், முதலில் அம்மோனியா ஊற்றுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு பிபிஎம் அம்மோனியாவும் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஏறத்தாழ 2.7 பிபிஎம் நைட்ரைட்டாக மாறுகிறது. அப்படியானால் நீங்கள் ஒருமுறை ஊற்றும் 2 பிபிஎம்மே 5.4 பிபிஎம் நைட்ரைட்டைத் தந்து, உங்கள் அட்டையின் எல்லையைத் தாண்டிவிடும். அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது அந்த அட்டையில் தெரியவே தெரியாது.

தொட்டி நீர் ஒரு பங்கு, ஆர்ஓ நீர் ஒன்பது பங்கு எனக் கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். கூடவே பிஎச், காரத்தன்மை (பிஎச் சரியாமல் தாங்கும் திறன்), வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள்.

பதில் 2

நைட்ரைட்டைப் பற்றி இவ்வளவு அச்சம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. நன்னீரில் அது மீனின் செவுள் வழியாக இரத்தத்தில் புகுந்து ஆக்சிஜன் ஓட்டத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. கடல்நீரிலோ லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருப்பதால், அதுவே செவுளில் நைட்ரைட்டுக்கு வழிவிடாமல் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அம்மோனியா ஒரே நாளில் தீர்கிறதென்றால், தொட்டி ஏறக்குறைய தயார் என்றே நான் கொள்வேன்.

கேள்வி கேட்டவர்

நீர்த்துச் சோதித்ததில் சுமார் 3 வந்தது. ஆகவே உண்மையான அளவு 30 பிபிஎம். பிஎச் 7.8, வெப்பநிலை 26 டிகிரி. காரத்தன்மை 4 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) மட்டுமே. உப்பு கலந்த புதிதில் அது 8 ஆக இருந்தது. தொட்டியில் பவளம் எதுவும் இல்லாதபோது இது ஏன் பாதியாகக் குறைய வேண்டும்?

பதில் 1

அந்தக் காரத்தன்மையைத் தின்றது நீங்கள் ஊற்றிய அம்மோனியாதான். அது நைட்ரைட்டாகும்போது அமிலம் வெளிப்படுகிறது. அம்மோனியம் குளோரைடாக ஊற்றும் ஒவ்வொரு பிபிஎம் அம்மோனியாவுக்கும் 0.33 டிகேஎச் அளவில் காரத்தன்மை செலவாகிறது. 30 பிபிஎம் நைட்ரைட் சேர 11 பிபிஎம் அம்மோனியா வேண்டும். அதற்கான செலவு 3.7 டிகேஎச். உங்கள் 8 இப்போது 4 ஆகியிருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் முதல் கட்ட பாக்டீரியா நன்றாகவே உழைக்கிறது. நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், மெதுவாக வளரும் இரண்டாம் கட்ட பாக்டீரியாவின் முன்னால் வேலை மலைபோல் குவிந்து கிடக்கிறது, அவ்வளவே.

நைட்ரைட் மீனைக் கொன்றுவிடாது என்பதில் மேலே எழுதிய நண்பரோடு உடன்படுகிறேன். ஆனால் 4 டிகேஎச் உள்ள நீரில் பிஎச் இன்னும் சரிய இடமிருக்கிறது, அது சரிந்தால் பாக்டீரியாவும் மந்தமாகும். ஆகவே மீனை இப்போது விடுவதை நான் ஏற்கவில்லை.

பாதி நீரை மாற்றிவிடுங்கள். பாக்டீரியா பாறையிலும் மணலிலும் ஒட்டி வாழ்வதால் நீரோடு போய்விடாது. புதிய நீரின் ஒப்படர்த்தியும் வெப்பமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். நீரை இறைக்கும் முன் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். நீர்மட்டம் இறங்கி அதன் கண்ணாடி வெளியே தெரிந்தால் சூடேறி வெடித்துவிடும். மாற்றியபின் நைட்ரைட் 15 பிபிஎம்முக்கும் காரத்தன்மை 6 டிகேஎச்சுக்கும் வரும். நைட்ரைட் நைட்ரேட்டாகும் கட்டம் காரத்தன்மையைத் தின்பதில்லை என்பதால் அந்த 6 நிலைத்திருக்கும்.

நைட்ரேட் எண்ணை இப்போதைக்கு நம்பாதீர்கள். அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கிறது. ஏற்கெனவே கிடக்கும் நைட்ரைட்டும் அதில் சேர்ந்து எண்ணை ஊதிப் பெருக்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அம்மோனியாவே ஊற்றாமல் விட்டால் முதல் கட்ட பாக்டீரியா செத்துவிடாதா?

பதில் 1

சில வாரங்கள் பட்டினி கிடந்தாலும் அது சுருங்குமே தவிர அழிந்துவிடாது. விளக்குகளை அணைத்து, பம்ப் மட்டும் ஓடட்டும். நீரோட்டமும் ஆக்சிஜனும் போதும். நைட்ரைட் நீர்க்காத சோதனையிலேயே பூஜ்ஜியம் காட்டிய பிறகு, ஒரே ஒரு முறை 1 பிபிஎம் அம்மோனியா ஊற்றுங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்றால், பெரிய அளவில் நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, அந்த இரண்டு கோமாளி மீன்களையும் விடலாம். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பு கலக்காத ஆர்ஓ நீரையே ஊற்றுங்கள், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

பதில் 2

காரத்தன்மையை நான் கணக்கில் எடுக்கவில்லை. பாதி நீரை மாற்றுவதே சரி. பாறையில் பழுப்பு நிறப் படலம் படரத் தொடங்கினால் கலங்க வேண்டாம், அது டயாட்டம் என்ற நுண்பாசி; புதிய தொட்டிகளில் வழக்கமாக வந்து தானாகவே குறைந்துவிடும்.