நிலம் கைமாறிய பின் சிஆர்பி வாடகைத் தொகை வரவில்லை: கன்சாஸில் அனுபவமுள்ளவர்கள் உதவவும்

மேற்கு கன்சாஸின் கிராமப்புறக் கவுண்டி ஒன்றில், கோதுமை வயலாக இருந்து புல்வெளியாக்கப்பட்ட 62 ஏக்கரை, 2031 செப்டம்பர் 30 வரை நீளும் பத்தாண்டு சிஆர்பி (விளைநிலத்தைப் பயிரிடாமல் புல்வெளி போன்றதாக வைத்திருக்க அமெரிக்க வேளாண் துறை ஆண்டு வாடகை தரும் திட்டம்) நிலப் பாதுகாப்பு ஒப்பந்தத்துடன், நானும் என் கணவரும் 2025 மார்ச்சில் வாங்கினோம். அக்டோபர் 1-க்குப் பின் வரவேண்டிய ஆண்டு வாடகைத் தொகை, நிதி ஒதுக்கீடு இல்லாததால் ஏற்பட்ட அரசு முடக்கம் நவம்பர் 12-இல் முடிந்து இரண்டு மாதங்களாகியும் வரவில்லை.

ஒப்பந்தத்தை எங்கள் பெயருக்கு மாற்றும் ஆவணத்தில் இருவரும் கையொப்பமிட்டு, மண் அரிப்பு, ஈரநிலப் பாதுகாப்பு விதிகளுக்கு உடன்படும் ஏடி-1026, வருமான வரம்புக்கான சிசிசி-941 ஆகிய படிவங்களையும் வங்கி விவரங்களையும் அளித்துவிட்டோம். வேளாண் துறையின் கவுண்டி அலுவலகத்துக்கு மூன்று முறை நேரில் சென்றும் “பரிசீலனையில் உள்ளது” என்பதே பதில் (நாடு மாறினாலும் இந்தச் சொல் மாறவில்லை). முந்தைய உரிமையாளருக்கும் பணம் செல்லவில்லை என்று அவரே உறுதிப்படுத்தினார். பண்ணையை யார், எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிவிக்கும் சிசிசி-902 படிவத்தை மட்டும் தனித்தனியாகத் தராமல் இருவருக்கும் சேர்த்து ஒன்றாகத் தந்தோம். என் ஐயம் அதன் மீதுதான்.

ஒப்பந்தக் காலத்தின் நடுவில் நிலம் வாங்கியவர்களுக்கு, எந்தப் படிவத்தைத் திருத்திக் கொடுத்த பிறகு இத்தொகை வந்தது?