புரொஜெக்ட் பின்: ‘தொட்டி’, ‘கோப்புறை’ ஆகியவற்றுக்கு மாற்றாகத் ‘திரட்டு’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கே-டென்லைவ் காணொளித் தொகுப்பு மென்பொருளைத் தமிழாக்கும் நம் பணியில், தொகுக்க எடுத்துக்கொண்ட காணொளி, ஒலி, படங்களைப் பட்டியலாகக் காட்டும் ‘புரொஜெக்ட் பின்’ என்ற பகுதிக்குத் ‘தொட்டி’, ‘கோப்புறை’ என்னும் இரு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ‘திரட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

தொட்டிக்கு வரலாற்று நியாயம் உண்டு. படச்சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில், தொகுப்பு மேசையருகே துணியால் உள்ளுறை இட்ட தொட்டி ஒன்று இருக்கும். அதன் மேல் நிற்கும் சட்டத்தின் ஊசிகளில் வெட்டிய சுருள்களை வரிசையாக மாட்டி, அவற்றின் வால் தரையில் புரளாமல் தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். அந்தப் பெயரே கணினிக்கும் வந்தது. ஆனால் கணினித் திரையில் ‘தொட்டி’ என்று கண்டால், அழிக்க வேண்டியதைப் போடும் குப்பைத்தொட்டிதான் இன்று யாருக்கும் நினைவுக்கு வரும்.

கோப்புறையில் உள்ள சிக்கல் இதைவிட ஆழமானது. ‘பின்’னில் இருப்பது காணொளிக் கோப்பு அன்று. அக்கோப்பு வட்டில் எங்கே உள்ளது என்பதைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. திருப்பாதிரிப்புலியூரில் விழாப் படப்பிடிப்பு செய்யும் தம்பி ஒருவருக்கு இம்மென்பொருளைக் கற்றுத்தந்தபோது இந்தக் குழப்பத்தைக் கண்கூடாகக் கண்டேன். தேவனாம்பட்டினம் மாசிமகத் தீர்த்தவாரியை அவர் இரண்டு கேமராக்களில் எடுத்திருந்தார். இரண்டிலிருந்தும் ‘சி0001’ என்ற ஒரே பெயரில் கோப்புகள் வந்திருந்தன. ‘சாமி வருகை’, ‘தீர்த்தவாரி’, ‘கூட்டம்’, ‘நாதசுரம்’ என்று பின்னுக்குள் பொறுமையாகப் பிரித்து அடுக்கியவர், வட்டிலும் அவை அப்படியே பிரிந்துவிட்டதாக நம்பி, மூலக் கோப்புகளை வேறு வட்டுக்கு மாற்றினார். மறுமுறை திறந்ததும் கிளிப்புகளைக் காணவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. வேண்டாத கிளிப்பைப் பின்னிலிருந்து நீக்கச் சொன்னபோதோ, “எடுத்துட்டா ஒரிஜினலும் போயிடுமாண்ணே?” என்று தயங்கினார். நீக்கினால் அது செயல்திட்டத்திலிருந்தும், கிளிப்புகளை வெட்டி வரிசைப்படுத்தும் டைம்லைனிலிருந்தும்தான் போகும். வட்டில் உள்ள கோப்புக்கு ஒன்றும் ஆகாது. கோப்புறை என்று நாம் எழுதினால் இந்த இரு மயக்கங்களையும் நாமே வளர்த்தவர்களாவோம்.

திரட்டு என்பது நம்மிடம் புழங்கும் சொல். தமிழ்மணம் போன்ற வலைப்பதிவுத் திரட்டிகள் பதிவுகளின் தலைப்பையும் சுட்டியையும் ஓரிடத்தில் காட்டின. பதிவு அவரவர் தளத்திலேயே இருந்தது. ‘பின்’ செய்யும் வேலையும் இதுவே. ‘காணொளித் திரட்டு’ என்று அடை சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒலிக்கோப்பு, நிழற்படம், மென்பொருளுக்குள்ளேயே உருவாக்கும் எழுத்துத் தலைப்பு ஆகியவையும் அங்கேதான் இருக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றை நானே எதிர்பார்க்கிறேன். சேமி, திற, நீக்கு என்று கட்டளைகளை ஏவலாக எழுதும் நம் மரபில், ‘திரட்டு’ என்று தனியே ஒரு பொத்தானில் நின்றால் அதுவும் ஏவலாகவே படிக்கப்படும். எனவே பலகத்தின் பெயர் ‘செயல்திட்டத் திரட்டு’ என்றும், பொத்தான் ‘புதிய திரட்டு’ என்றும் இருக்க வேண்டும். தனிச்சொல்லாக எங்கும் வரக்கூடாது.

டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் ‘ஸ்மார்ட் பின்’ போன்றவற்றுக்கு, அதாவது நாம் தரும் விதிக்குப் பொருந்தும் கிளிப்புகளைத் தாமாகவே காட்டுவனவற்றுக்கு, ‘தன்திரட்டு’ எனலாம். 2011இல் வந்த ஃபைனல் கட் ப்ரோ எக்ஸில் ஒரே கிளிப்புக்கு இரண்டு குறிச்சொற்கள் இட்டால், அது இரண்டு தொகுப்புகளிலும் தெரியும். அங்கும் திரட்டு இயல்பாகப் பொருந்துகிறது, கோப்புறை பொருந்தாது. குறிச்சொல் (டேக்), பதிலி (ப்ராக்சி, அதாவது பெரிய கோப்புக்கு மாற்றாகத் தொகுப்பின்போது பயன்படும் சிறிய நகல்) ஆகியவை முன்பே நிலைத்தவை. அவற்றை மாற்றக் காரணமில்லை.

‘கிளிப்’பைத் ‘துண்டு’ என மாற்றும் யோசனையை மட்டும் தள்ளிவைக்கக் கோருகிறேன். பின்னில் இருக்கும் கிளிப் இன்னும் வெட்டப்படாத முழுப்பதிவு. டைம்லைனில் வெட்டி வைத்தது மட்டுமே துண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லா, இரு சொற்களா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்