கூட்ஸ் இழுத்த டபிள்யூ.ஜி எஞ்சின் பற்றி

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. வடக்கே போனபோது ரேவாரி லோகோ செட்டில் பாதுகாத்து வைத்திருக்கும் டபிள்யூ.ஜி 10253 எஞ்சினைப் பார்த்தேன். எங்க அப்பாரு ஈரோட்டில் இந்த ரக எஞ்சினுக்குக் கரி போட்டவர். டபிள்யூ.பி எஞ்சினுக்கு இருக்கிற கூம்பு மூக்கு இதற்கு இல்லை, சக்கரமும் சின்னது. அதைவிடப் பழசா? சீமையில் செய்ததா?

போத்தனூர் பயர்மேன்:
பழசு இல்லை தம்பி. டபிள்யூ.பி வந்தது 1947, இது 1950. இரண்டுக்கும் ஒரே மாதிரி பாயிலர்தான், வேலைதான் வேறு. அது எக்ஸ்பிரஸ் வண்டிக்கு: இழுக்கிற சக்கரம் ஆறு, விட்டம் 5 அடி 7 அங்குலம். இதற்கு எட்டு, 5 அடி ஒன்றரை அங்குலம். சக்கரம் சின்னதானால் ஒரு சுற்றில் வண்டி நகரும் தூரம் குறையும், இழுவை கூடும். மதுக்கரை சிமெண்ட் ஏற்றிய வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்ப அதுதான் வேண்டும்.

மழை நாளில்தான் பாடு. சக்கரம் வழுக்கிச் சுழன்றால் டிரைவர் சட்டென்று நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடி, சக்கரம் பிடிக்கத் தண்டவாளத்தில் மணல் விடுவார். அதற்குள் புகைபோக்கி இழுக்கிற இழுப்பில் எரிகிற கரியே பிய்த்துக்கொண்டு மேலே போயிருக்கும். நெருப்புப் படுகையில் ஓட்டை விழும். கதவைத் திறந்து, கண் கூசும் வெளிச்சத்தில் அந்த இடத்தைத் தேடி, கரி அள்ளும் சவலைத் (ஷவல்) திருப்பிக் கரியை அங்கேயே விழ வைக்க வேண்டும். உங்க அப்பாருக்கும் அது கைவந்திருக்கும். தெரியாதவரை டிரைவர் கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

சேலம் ரயில் ரசிகன்:
ஐயா சொன்னது சரி. பிறப்பைச் சொல்கிறேன். தொடக்கத்தில் வந்தவை கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனியில் செய்தவை. மேற்கு வங்கத்தில் உள்ள சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலையின் முதல் எஞ்சினும் டபிள்யூ.ஜி-தான்: எண் 8401, பெயர் தேசபந்து. 1950 நவம்பர் 1 அன்று ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அப்போது பல பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, பிறகு படிப்படியாக இங்கேயே செய்தார்கள். கடைசி டபிள்யூ.ஜி 1970-ல் வந்த எண் 10560, பெயர் அந்திம் சிதாரா (கடைசி நட்சத்திரம்). மொத்தம் 2450. நீங்கள் பார்த்தது சித்தரஞ்சனில் செய்தது, அதனால் சீமைச் சரக்கு இல்லை.

பெருந்துறைக்காரன்:
ரொம்ப நன்றிங்க இருவருக்கும். ஐயா, அந்த ஓட்டையை அடைக்காமல் விட்டால் என்ன ஆகும்?

போத்தனூர் பயர்மேன்:
குளிர்ந்த காற்று அந்த வழியாகப் புகுந்து நேரே பாயிலர் டியூப்களில் அடிக்கும். டியூப் முனைகள் சுருங்கிக் கசியத் தொடங்கும். அப்புறம் பாயிலரின் நீராவி அழுத்தம் காட்டும், 210 பவுண்டில் நிற்க வேண்டிய முள் இறங்கிக்கொண்டே வரும். நடு வழியில் வண்டியை நிறுத்தி, ஸ்டீம் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். பின்னால் வருகிற வண்டிகளும் நிற்கும்.