விசிறி டிரைவ்கள் ஓடும்போது மட்டும் மாட்பஸ் தொடர்பு அறுந்துபோகிறது: உதவி தேவை

ஆலை_மின்பிரிவு:
வணக்கம். எங்கள் நூற்பாலையில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்டின் (காற்றில் ஈரப்பதம் சேர்க்கும் பகுதி) 6 டிரைவ்களும் (விசிறி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை), பேனல் அறையிலுள்ள 8 எனர்ஜி மீட்டர்களும் ஒரே மாட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) லைனில் பிஎல்சியுடன் (கட்டுப்பாட்டுக் கணினி) இணைந்துள்ளன. விசிறிகள் நின்றிருக்கும்போது எல்லா அளவீடுகளும் சரியாக வருகின்றன. அவை ஓடத் தொடங்கியவுடன் மீட்டர், டிரைவ் என்ற வேறுபாடில்லாமல் டைம்அவுட் (குறித்த நேரத்துக்குள் பதில் வராத பிழை) வருகிறது. கேபிளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. நாளை காலைக்குள் மின் நுகர்வு அறிக்கை கொடுக்க வேண்டியிருப்பதால் விரைவாக வழி சொல்லுங்கள்.

கோவை_பேனல்:
மாட்பஸ் ஆர்டியுவா (சீரியல் கம்பி வழி), டிசிபியா (ஈதர்நெட் வழி) என்பதையே நீங்கள் குறிப்பிடவில்லை. ஆர்டியு ஓடும் ஆர்எஸ்-485 சீரியல் லைன் என்று வைத்துக்கொண்டு கேட்கிறேன்: பாட் ரேட் (தகவல் வேகம்), பேரிட்டி (பிழையைக் காட்டும் கூடுதல் பிட்), மொத்தக் கேபிள் நீளம், எந்த வரிசையில் கருவிகள் இணைக்கப்பட்டுள்ளன, டெர்மினேஷன் (லைனின் கோடியில் இணைக்கும் மின்தடை) எங்கெங்கே உள்ளது, ஷீல்டு (கேபிளைச் சுற்றிய உலோக உறை) எங்கே எர்த் செய்யப்பட்டுள்ளது? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் ஊகமாகத்தான் இருக்கும்.

ஸ்கேடா_மணி:
பிஎல்சியில் டைம்அவுட் நேரத்தை 2 விநாடியாக உயர்த்திப் பாருங்கள். எனக்கு வந்த இத்தகைய புகார்களில் பெரும்பாலானவை அதிலேயே தீர்ந்திருக்கின்றன.

மூத்த_கருவியாளர்:
மணி, கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள். 9600 பாட் ரேட்டில் ஓர் எழுத்துக்கு 11 பிட் என்றால் ஏறத்தாழ 1.15 மில்லி விநாடி. பத்து ரெஜிஸ்டர் (2 பைட் அளவுள்ள தகவல் இடம்) படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். இரண்டும் சேர்ந்து 40 மில்லி விநாடியைக்கூடத் தாண்டாது. கருவி பதிலைத் தயாரிக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் 300 மில்லி விநாடி தாராளம். பழுதடைந்து வரும் பதிலுக்காக எவ்வளவு காத்திருந்தாலும் அது பழுதடைந்ததாகவே வரும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: மின் இரைச்சல் கிளப்பும் டிரைவின் மோட்டார் கேபிளும் தகவல் கேபிளும் ஒரே ட்ரேயில் (கேபிள் தாங்கும் தட்டு) கிடக்கின்றன என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். இத்தகைய அடிப்படைகளைக் கேபிள் இழுப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். பழுது வந்த பிறகு பிறரைக் கேட்பது இப்போதைய பொறியாளர்களிடம் வழக்கமாகிவிட்டது. ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்யுங்கள், சரியாகிவிடும்.

கோவை_பேனல்:
சார், மன்னிக்க வேண்டும், அதை ஏற்க முடியவில்லை. மாட்பஸ் சீரியல் லைனுக்கான வழிகாட்டி ஷீல்டை ஒரு முனையில்தான் எர்த் செய்யச் சொல்கிறது. பேனல் அறைக்கும் பிளாண்ட்டுக்கும் எர்த் மின்னழுத்தம் வேறுபட்டால், இரு முனையிலும் இணைத்த ஷீல்டு வழியாகவே மின்னோட்டம் பாயத் தொடங்கிவிடும்.

மூத்த_கருவியாளர்:
இன்னொரு ஆலைத் தகவல் முறையான புரொஃபிபஸ் நிறுவல்களில் இரு முனையிலும் எர்த் செய்வதுதான் முறை. மோட்டார் கேபிளின் ஷீல்டையும் டிரைவ் பக்கம், மோட்டார் பக்கம் இரண்டிலும் இணைக்கிறோம். உயர் அதிர்வெண் இரைச்சலை ஒரு முனை எர்த் தடுக்காது.

கோவை_பேனல்:
மோட்டார் கேபிளைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. புரொஃபிபஸிலும் இரண்டு இடங்களுக்கும் இடையே சமநிலை எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது சொல்லப்படுகிறது. பழைய ஆலைக் கட்டடங்களில் அந்த இணைப்பு இருப்பதாக நாமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

ட்ரங்க்_லைன்:
ஷீல்டு விவாதம் பயனுள்ளதுதான். ஆனால் கேட்டவருக்கு இன்றிரவு செய்யக்கூடிய ஒரு சோதனையை யாரும் சொல்லவில்லை. எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, பிஎல்சி பக்கத்தில் இரண்டு தகவல் கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து சொல்லுங்கள். லைனின் இரு கோடிகளில் மட்டும் 120 ஓம் இருந்தால் 60 ஓமுக்கு அருகில் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு கோடியில் இல்லை. 60-க்கு வெகுவாகக் குறைந்தால் தேவையற்ற இடங்களிலும் டெர்மினேஷன் இருக்கிறது. பல டிரைவ்களில் இந்த மின்தடை உள்ளேயே அமைந்திருக்கும். ஒரு சிறிய டிப் சுவிட்ச் அதை இணைத்துவிடும்.

இந்தச் சந்தேகம் எனக்கு வரக் காரணம், விசிறி நின்றால் எல்லாமே சரியாக வருகிறது என்று அவர் எழுதியிருப்பது. முகவரி மோதலோ பேரிட்டிப் பிழையோ இருந்தால் விசிறி நின்றிருந்தாலும் தவறு வரும். ஆர்எஸ்-485 லைனில் தகவலை அனுப்பும் சிப் 54 ஓம் சுமையில் 1.5 வோல்ட்டாவது கொடுக்க வேண்டும். பெறும் பக்கத்துக்கு 0.2 வோல்ட் வேறுபாடு போதும். இடையிலுள்ள இந்த இடைவெளிதான் இரைச்சலைத் தாங்கும் இருப்பு. சுமை 20 ஓமாக இறங்கினால் அந்த இருப்பு வெகுவாகக் கரைந்துவிடும். அமைதியான நேரத்தில் தொடர்பு நடக்கும், டிரைவினுள் மின்சாரத்தை வேகமாக இணைத்துத் துண்டிக்கும் ஐஜிபிடி சுவிட்ச் செய்யத் தொடங்கியதும் விழுந்துவிடும்.

ஸ்கேடா_மணி:
அப்படியானால் கேபிளை மாற்றியும் குறை நீங்காததற்கு இதுவே விளக்கமாகிறது. டைம்அவுட் பற்றிய சாரின் கணக்கையும் ஏற்றுக்கொள்கிறேன்.

மூத்த_கருவியாளர்:
மின்தடை அளவு எதுவாக வந்தாலும், ட்ரேயைப் பிரிக்காமல் இது நிலைக்காது என்பதே என் முடிவு.

ஆலை_மின்பிரிவு:
ஆர்டியு, 9600, பேரிட்டி இல்லை. மின்தடை 17 ஓம் காட்டியது. 6 டிரைவ்களிலும் டிப் சுவிட்ச் ஆன் நிலையில் இருந்தது. கடைசி டிரைவைத் தவிர மற்ற ஐந்திலும் ஆஃப் செய்தேன். இப்போது 60 ஓம். விசிறிகள் ஓடுகின்றன, அளவீடுகள் வருகின்றன. அறிக்கை வேலை இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

ட்ரங்க்_லைன்:
மகிழ்ச்சி. ஆறு டிரைவ்களும் பிஎல்சி முனையும் சேர்ந்து ஏழு 120 ஓம்; அதன் இணைச் சுமை 17 ஓம்தான், கணக்கு பொருந்துகிறது. ஆயினும் ட்ரேயைப் பற்றிச் சார் சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தின்போது தகவல் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து விலக்கிவிடுங்கள். பேரிட்டி இல்லாமல் வைத்தால் இரண்டு ஸ்டாப் பிட் (ஓர் எழுத்தின் முடிவைக் காட்டும் பிட்) வேண்டும் என்பது மாட்பஸ் விதி. மீட்டர், டிரைவ் இரண்டிலும் அந்த அமைப்பு ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கோவை_பேனல்:
மூன்றாவது கம்பியாகக் காமன் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒப்பீட்டுக் கம்பி) இழுத்திருக்கிறீர்களா என்பதையும், ஷீல்டு எந்த முனையில் எர்த் ஆகியிருக்கிறது என்பதையும் நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். ஷீல்டு பற்றி முன்பே கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.