பழைய வார்ப்பிரும்புக் குழாயும் புதிய பிவிசி குழாயும்: இணைத்தவர்களின் அனுபவங்கள்

கோட்டைமுனை வாசகர்

மேல்மாடி மலசலகூடத்தைப் புதுப்பித்தபோது, சுவரோடு இறங்கும் பழைய நான்கு அங்குல வார்ப்பிரும்புக் குழாயை அப்படியே விட்டுவிட்டு, அதன் வாயில் புதிய பிவிசி குழாயைச் செருகிச் சுற்றிலும் சீமெந்து பூசினார்கள். ஓர் ஆண்டு கடப்பதற்குள் அந்த இணைப்பின் கீழே பழுப்பு நிறக் கோடு ஒன்று இறங்கத் தொடங்கியது. வெடிப்பு எங்கே என்று பார்ப்பதற்காகத் திருப்புளியின் முனையால் மெல்ல நெம்பினேன். சீமெந்து முழுவதும் ஒரு வளையலைப் போலப் பிளந்து என் கையோடு வந்துவிட்டது. அதன் உட்புறம் வழவழவென்று இருந்தது. பிவிசி குழாயின் மேல் ஒரு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால் இவ்வளவு காலமும் அந்த இணைப்பை எது பிடித்துக்கொண்டிருந்தது என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

கல்முனையிலிருந்து

அண்ணன், எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் பதில். இங்கு ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடத்தில் நான் வேலையை மேற்பார்வை செய்தபோது, பழைய இரும்புக் குழாயின் மேற்பகுதிக்குத் தாங்கல் கொடுக்காமலேயே வேலையாள் கீழ்ப்பகுதியைக் கிரைண்டரால் அறுத்துவிட்டார். அறுத்து முடித்த கணத்தில் மேல்குழாய் முழுவதும் ஒரு விரற்கடை அளவு கீழே இறங்கி, பெரும் சத்தத்துடன் நின்றது. அவருடைய கை அந்த இடைவெளிக்குள் இல்லாதது இறைவன் செயல். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே மற்றவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அறுக்கும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் சுவரில் இரும்புக் கிளம்பு (குழாயைப் பிடித்து நிறுத்தும் பட்டை) அடித்துப் பாரத்தைச் சுவருக்கு மாற்றிய பிறகே வாளைத் தொட வேண்டும். வார்ப்பிரும்பு பாரமானது, அதே வேளையில் எளிதில் உடையக்கூடியது, சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால், நீங்கள் பார்க்காத இடத்தில் நீளவாக்கில் வெடிக்கும். பிவிசி பசை, பிவிசியின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டுகளை ஒன்றாக்குகிறதே தவிர, இரும்பின் மேல் அதற்கு எந்த வேலையும் இல்லை. வெயிலும் ஒரு காரணம். வெயில் படும் சுவரில் மூன்று மீற்றர் பிவிசி குழாய் ஒன்று 30 பாகை வெப்ப வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். அதே நீள வார்ப்பிரும்பு ஒரு மில்லிமீற்றர் அளவே நீளும். பகலில் நீண்டு இரவில் சுருங்கும் குழாயை அசையாத சீமெந்து எத்தனை நாளைக்குப் பிடித்திருக்கும்? துருப்பிடிக்காத உருக்குப் பட்டிகளால் இருபுறமும் இறுக்கும் றப்பர் இணைப்பையே போடுங்கள். சாதாரண இரும்புக் கிளிப் போட்டால் நம் கடற்கரைக் காற்றில் அது விரைவில் துருவாகிவிடும். கிடையாக ஓடும் நான்கு அங்குலக் குழாய்க்கு 40க்கு 1 என்ற சாய்வு வேண்டும். குழாயின் முனை, நீர் ஓடும் திசையிலேயே அடுத்ததன் வாய்க்குள் இறங்க வேண்டும்; எதிராக இருந்தால் உள்ளே உண்டாகும் விளிம்பில் கழிவு தங்கி அடைத்துக்கொள்ளும்.

ஆரையம்பதிப் பெண்

மேலே எழுதியவர் சீமெந்தையே குற்றவாளியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் வாப்பாவும் மேசன், என் அப்பாவின் அப்பாவும் மேசன் என்று சொல்லும் குடும்பங்கள் இங்கு தமிழ், முஸ்லிம் என்ற இரண்டு சமூகங்களிலும் உண்டு. அவர்களுடைய கைவேலையை ஒரு வரியில் தள்ளிவிடக் கூடாது. என் அப்பா பிவிசி குழாயின் முனையை அரத்தாளால் தேய்த்து, பசையைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே அரித்துக் காயவைத்த ஆற்று மணலைக் கைப்பிடியாக எடுத்து எறிவார். அவர் குழாயைச் சுழற்றச் சுழற்ற மணல் சீராகப் படிவதைச் சிறுமியாக நின்று பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்தச் சொரசொரப்பான முனையை இரும்பு வாய்க்குள் இறக்கி, தார் தோய்த்த சணலை அடிவரை இறுக்கித் திணித்து, அதன் மேல்தான் சீமெந்து வைப்பார். சின்னம்மா வீட்டில் அந்த இணைப்பு இன்றுவரை ஒழுகவில்லை. கோட்டைமுனை அண்ணன் வீட்டில் மணலும் இல்லை, சணலும் இல்லை. குறை சீமெந்தில் இல்லை, செய்த முறையில் இருக்கிறது.

அம்பாறை நகரம்

எங்களுடையது கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டக் காலத்தைச் சேர்ந்த பழைய விடுதி என்று சொல்கிறார்கள். திட்டம் 1949இல் தொடங்கியது. எங்கள் வீட்டுக் குழாயின் இணைப்புகளில் சணலுக்கு மேல் ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தார்கள். அதை எடுப்பதற்காக, மூடிய சிறு குளியலறைக்குள் ஒருவர் வாயுச் சுடரைப் பற்றவைத்தார். என் பேத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஓடிப்போய் அதை அணைக்கச் சொன்னேன். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். அதைச் சுடரால் அளவு மீறிச் சூடாக்கும்போது வரும் புகை சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு. பிறகு ஈயத்தில் சுற்றிலும் நெருக்கமாகத் துளைகள் போட்டு, உளியால் நெம்பித் துண்டு துண்டாக எடுத்தோம். பொறுமை வேண்டுமே தவிர, ஆபத்துக் குறைவு.

கடையில் “நான்கு அங்குலம்” என்று கேட்டு வாங்கிய றப்பர் இணைப்பு எங்கள் இரும்புக் குழாய்க்குப் பொருந்தவில்லை. நான்கு அங்குலம் என்பது அந்தக் குழாயின் உள்விட்டம். வெளிவிட்டம் குழாயின் காலத்தையும் தடிப்பையும் பொறுத்து மாறும். குழாயைச் சுற்றி நூல் கட்டி, அதன் நீளத்தை 3.14ஆல் வகுத்து, வந்த அளவோடு கடைக்குப் போங்கள்.

கல்லடி

ஆரையம்பதித் தங்கச்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் சின்னம்மா வீட்டு இணைப்பு நிலத்துக்குள்ளேயோ நிழலிலோ இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் படாத குழாய் அவ்வளவாக நீளாது. அங்கே சீமெந்து நிலைக்கும். மேற்குச் சுவரில் அதே வேலை நிலைக்குமா என்பதே என் சந்தேகம்.

எனக்கு நேர்ந்தது நிலத்துக்கு அடியில். கிணற்று நீரில் மணம் வந்ததும், துணிக்குப் போடும் நீலத்தை மலசலகூடத்தில் கரைத்து ஊற்றினோம். மறுநாள், பழைய குழாயும் புதியதும் சேரும் இடத்தைத் தோண்டியபோது, மண்வெட்டியில் நீல மணல் வந்தது. நம்முடைய மண் மணல், கிணறுகள் ஆழமற்றவை, ஒழுகுவது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்காது. அந்தக் கிணற்றில் என் அம்மா அன்று காலையிலும் குடிநீர் அள்ளியிருந்தார். தயவுசெய்து, மண் போட்டு மூடுவதற்கு முன் கீழ்முனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

கோட்டைமுனை வாசகர்

அனைவருக்கும் நன்றி. எங்களுடையது மேற்குச் சுவர்தான். மாலை வரை வெயில். நூல் கட்டி அளந்துவிட்டேன். கிளம்பு அடித்த பிறகு அறுத்து, றப்பர் இணைப்பே போடப்போகிறோம். ஆனால் கீழே நிலத்துக்குள் இரும்பு வாய் ஒன்று மிஞ்சுகிறது; அதற்குத் தங்கச்சியின் அப்பா செய்த முறையைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். தார் தோய்த்த சணல் இப்போது மட்டக்களப்பில் எந்தக் கடையில் கிடைக்கும், தங்கச்சி?